செவுளைத் தூக்கிக் காட்டும் போட்டி எங்களுக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையை எடுத்தால் முதல் பக்கத்தில் செய்தியே இல்லை. பக்கம் முழுக்க ஒரு செல்போன். திருப்பினால் அங்கேயும் அதே போன், வேறு நிறத்தில். அதற்கு அடுத்த தாளில்தான் பத்திரிகையின் பெயரும் தலைப்புச் செய்தியும் இருந்தன. ‘விளம்பரம்’ என்ற சொல்லை மேல் ஓரத்தில் எறும்பு அளவுக்குப் போட்டிருந்தீர்கள், கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது. சரி, பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும், விளம்பரம் இல்லாமல் இந்த விலைக்குப் பேப்பர் தர முடியாது, அது புரிகிறது. ஆனால் உள்ளே வணிகப் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் புது போனைப் பற்றிக் கால் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்களே, அது செய்தியா விளம்பரமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நிறம், மெல்லிய உடம்பு, கேமரா, விலை, எந்த நடிகர் அறிமுகப்படுத்தினார் என்பதெல்லாம் இருந்தது. பழுதானால் எங்கே கொடுப்பது, எத்தனை வருடம் ஓடும் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஆட்கள் காகிதத்தோடு வருவார்கள், இப்போது போனோடு வருகிறார்கள். ஆதார், பட்டா, ஹால் டிக்கெட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாம் போனுக்குள்தான் இருக்கிறது. பாதிப் பேருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தெரியாது, லாக்கை எடுத்துவிட்டு என் கையிலேயே தந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது போனாவது என் கைவழியாகப் போகிறது. பின்னால் எந்தக் கம்பெனியின் முத்திரை என்பதும் எனக்குத் தெரியும், உள்ளே அது என்ன பாடு படுகிறது என்பதும் தெரியும்.

போன மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விரலில் பால் காய்ந்து ஒட்டியிருந்ததால் போன் அவருடைய ரேகையை எடுக்கவில்லை, நம்பர் அடித்துத்தான் திறந்தார். பேங்க் ஆப்பை ஏற்றித் தரச் சொன்னார். பிளே ஸ்டோரில் தேடினால், இந்த ஆப் உங்கள் போனுக்குப் பொருந்தாது என்று வருகிறது. ஆண்ட்ராய்டு பழசு. சரி, அப்டேட் போடலாம் என்று செட்டிங்ஸுக்குள் போனால், புதிய அப்டேட் எதுவும் இல்லை என்று காட்டுகிறது. கடைசியாக வந்த அப்டேட் மூன்று வருடத்துக்கு முந்தையது. “எக்கா, போனு நல்லாத்தானே இருக்கு? சார்ஜ் நிக்கு, டிஸ்பிளேயில ஒரு கீறல் இல்ல. பின்ன எதுக்கு ஏற மாட்டேங்கு?” என்று கேட்டார். பத்து மாதத் தவணையில் வாங்கிய போன். ஏன் இந்தக் கம்பெனியை எடுத்தீர்கள் என்று கேட்டேன். மார்த்தாண்டத்தில் கடை முன்னால் பெரிய போர்டு இருந்ததாம், கேமரா கொள்ளாம், நன்றாக இருக்கும் என்று சொன்னார்களாம். கம்பெனி அப்டேட்டை நிறுத்தும் தேதியை அந்தப் போர்டும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. மரத்தில் பால் எப்போது வற்றும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், கையில் இருக்கிற போனுக்கு அப்டேட் எப்போது நிற்கும் என்று தெரியாது.

கேமரா என்று சொன்னதால் என் தொழில் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 48, 64, 108, 200 என்று மெகாபிக்சல் எண்ணை வைத்துக் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டே வந்தன. ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளி. பாஸ்போர்ட் அளவுப் படம், அதாவது மூன்றரை சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரம், ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து நல்ல தரத்தில் அச்சடிக்க இரண்டேகால் லட்சம் புள்ளிகூடத் தேவையில்லை. ஏ4 தாள் முழுக்க ஒரே படமாகப் போட்டால்கூட 87 லட்சம் புள்ளி போதும், 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. 200 என்று எழுதியிருக்கும் போனும் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அக்கம்பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 சொச்சம் மெகாபிக்சலாகத்தான் சேமிக்கிறது. அதில் தப்பில்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளிவாக வர அந்த வழி உதவுகிறது. ஆனால் படம் நன்றாக வருவது லென்ஸையும் சென்சாரின் அளவையும் மென்பொருளையும் பொறுத்தது என்று போர்டில் யாரும் எழுதுவதில்லை, 200 என்ற எண்ணை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதுகிறார்கள். அந்த எண்ணுக்காகக் கூடுதலாக நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து வாங்கிய பிள்ளைகள் அரசு வேலைக்கு விண்ணப்பம் போட என் கடைக்கு வந்து, அதே படத்தை 50 கேபிக்குள் சுருக்கித் தரச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் போட்டி என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளச்சலிலிருந்து மீன் வந்து இறங்கியதும் சந்தையில் மீன்கார அக்காமார் நாலைந்து பேர் வரிசையாக உட்காருவார்கள். ஒருவர் சாளையைக் கூறு கட்டி விலை சொன்னால் அடுத்தவர் அதே விலைக்கு இரண்டு மீன் சேர்த்துப் போடுவார். சத்தத்துக்குக் குறைவே இருக்காது. ஆனால் வாங்குகிறவர் முகத்தில் கொஞ்சம் சந்தேகம் தெரிந்தால் போதும், அயிலையை எடுத்துச் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதைக் காட்டுவார்கள், “பாரு மக்கா, நீயே பாரு” என்று. செவுளைக் காட்டாதவரிடம் யாரும் வாங்க மாட்டார்கள். அதுதான் வாங்குகிறவருக்கு லாபம் தரும் போட்டி. இவ்வளவு பெரிய கம்பெனிகள் இத்தனை கோடி செலவழித்துப் போடுகிற போட்டியில் எங்களுக்குச் செவுளைத் தூக்கிக் காட்டுவது யார்?

உலகத்தின் பெரிய கம்பெனிகள் இரண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்டில் சாம்சங் தன் நோட் 7 போனை அறிமுகம் செய்த மேடையில், எங்கள் போனில் இயர்போன் துளை இருக்கிறது என்று குத்திக்காட்டிப் பேசியது. அடுத்த மாதம் வரப்போகும் ஆப்பிளின் ஐபோன் 7இல் அது இருக்காது என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அதன் பிறகு அதை வைத்தே ஆப்பிளைக் கேலி செய்து விளம்பரப் படங்களும் வந்தன. 2019 ஆகஸ்டில் சாம்சங்கின் நோட் 10 வந்தது, அதிலும் துளை இல்லை. 2020 அக்டோபரில் ஐபோன் 12 சார்ஜர் இல்லாமல் வந்தபோது மறுபடியும் கேலி, எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு என்று. மூன்றே மாதம், 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. ஆப்பிள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். இருக்கலாம், ஆனால் அதை வாங்கியவரிடம் முதலிலேயே சொல்லவில்லையே. அப்டேட் மூலம் பழைய போன்களின் ஓட்டத்தைக் கெடுத்ததற்காக 2018இல் இத்தாலியில் இரண்டு கம்பெனிக்குமே அபராதம் விழுந்தது, ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ. மேடையில் எதிரிகள், வாங்குகிறவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கும்போது மட்டும் ஒருவர் வழியில் இன்னொருவர்.

நாகர்கோவிலில் ஒரு பெரிய செல்போன் கடைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறத்தில் டீசர்ட் போட்ட பிள்ளைகள் நிற்பார்கள். “வாங்க அக்கா, இதப் பாருங்க” என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூப்பிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள், மாத இலக்கு முடிக்காவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று அவர்களில் ஒரு பெண் என் கடையில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி நான்குமே சீனாவின் பிபிகே எலக்ட்ரானிக்ஸ் வழியில் வந்தவை. ரியல்மி 2018இல் ஒப்போவின் துணை பிராண்டாகத்தான் தொடங்கியது. ரெட்மியும் போக்கோவும் சியோமி வீட்டுப் பிள்ளைகள். ஐபிஎல் போட்டியின் பெயரில் விவோ இருந்த காலத்திலேயே இந்திய அணியின் சட்டையில் ஒப்போ இருந்தது. நாம் நாலு கவுன்டரில் ஏறி இறங்கி, கணக்குப் பார்த்து, வீட்டில் சண்டை போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம், கடைசியில் பார்த்தால் நாலில் மூன்று ஒரே தறவாட்டைச் சேர்ந்தவை. இது சட்டப்படி தப்பு என்று நான் சொல்லவில்லை. கடை போர்டில் தெரிகிற அளவுக்குப் போட்டி உண்மையில் இல்லை என்கிறேன்.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரிகிறவர் நிலைத்து நிற்பார் என்பதும் இல்லை. சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் ஏர்செல் பெயரை எத்தனை வருடம் பார்த்தோம், 2018 தொடக்கத்தில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற மாநிலம் முழுக்க ஜனங்கள் அலைந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ எல்லாம் இலவசம் என்று இறங்கியது, நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஒவ்வொரு கம்பெனியாகக் கரைந்து, 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகி, தனியாரில் மூன்று பேர் மிஞ்சிய பிறகு 2019 டிசம்பர், 2021 கடைசி, 2024 ஜூலை என்று கட்டணம் ஏறியது, ஒருவர் ஏற்றினால் ஓரிரு நாளில் மற்றவரும்.

எங்கள் மாவட்டத்துக்கு பிராண்ட் ஆசை புதிதில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டேப்ரெக்கார்டர் முன்னறையில் துணி போட்டு மூடி இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு, சிறு வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இருபது வருடம் பாடியது. பெல்ட் அறுந்தால் திங்கள்சந்தையில் பெல்ட் மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கு என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், அவனுக்கு ஐபோன் வேண்டும். எதுக்குடா என்றால், “குரூப் போட்டோ எடுக்க யாரும் என் போனைக் கேக்க மாட்டாங்க சித்தி” என்றான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ஒரு பிள்ளையைத் தன் கையில் இருக்கும் நல்ல போனைப் பார்த்தே கூச்சப்பட வைத்திருக்கிறார்கள் இல்லையா, அது எனக்கு இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை.

போட்டியால் நன்மையே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாகச் சொன்னது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24க்கு அதே ஏழு வருடம் என்றது. அதே வருடக் கடைசியில் 20,000 ரூபாய்க்கு உள்ளே வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு வருடம் என்று சாம்சங் அறிவித்தது. இதுதான் செவுளைத் தூக்கிக் காட்டுவது. இப்படி ஒரு போட்டி நாலு வருடத்துக்கு முன்பே விலை குறைந்த போன்களில் வந்திருந்தால் அந்த ரப்பர் வெட்டும் தம்பி இன்றைக்குப் புது போனுக்குப் பணம் தேட வேண்டியிருக்காது. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட இந்த ஆறு வருடம், ஏழு வருடம் என்ற விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த நடிகர் எந்தப் போனுக்கு வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்புறம் என் சொந்தக் கதை, கம்பெனிப் பெயர் வேண்டாம். 19,000 ரூபாய்க்கு வாங்கிய போன், இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் திரையின் மேலிருந்து கீழ்வரை பச்சையாக ஒரு கோடு. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வடசேரியில் இறங்கி, சர்வீஸ் சென்டரில் டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்பிளே மாற்ற வேண்டும், 11,000 ரூபாய், அதுவும் ஸ்டாக் இல்லை, பைசா கட்டினால் ஆர்டர் போடுவோம், வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இதே தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் போன் செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள், நாகர்கோவிலுக்கு ஒரு டிஸ்பிளே வர மூன்று வாரம்! என் கடைக்கு வரும் பணம், வாடிக்கையாளர் அனுப்பும் பைல், எல்லாம் அந்த போனில்தான்.

கடைசியில் எங்கள் மேட்டுக்கடையில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையனிடம் போனேன். சூடேற்றும் தட்டில் போனை வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்தை நெம்பிக்கொண்டே சொன்னான், “எக்கா, ஒரிஜினல் டிஸ்பிளே எனக்குத் தர மாட்டாங்க. காப்பிதான் போட முடியும். கலர் கொஞ்சம் மங்கும், விரல் ரேகை எடுக்காது. சம்மதம்னா போடுதேன்.” 2,800 ரூபாய். அரை மணி நேரத்தில் முடிந்தது. அன்றிலிருந்து நானும் அந்தத் தம்பியைப் போல நம்பர் அடித்துத்தான் திறக்கிறேன். என்ன குறை என்று வேலை செய்யும் முன்பே என்னிடம் சொன்ன ஒரே ஆள் அந்தப் பையன்தான்.

அவனுக்கு ஒரிஜினல் பாகத்தை விற்றால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்? பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து 2025 ஜூன் வரை, போன் விற்கும்போதே அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விலைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டியிருந்தது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடத்துக்கு உதிரி பாகம், குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் என்று விதி வந்துவிட்டது. இங்கே பத்திரிகையின் முதல் பக்கத்தை வாங்குகிற அதே கம்பெனிகள்தான் அங்கே இதற்கெல்லாம் கட்டுப்பட்டு விற்கின்றன. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, இணையதளமும் வந்தது. நாகர்கோவில் கடைகளில் நான் எடுத்துப் பார்த்த எந்தப் பெட்டியிலும் மதிப்பெண் இல்லை. விளம்பரத்தில் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டு நட்சத்திரக் குறி போட்டுக் கீழே பொடியாக நிபந்தனை எழுதுகிறார்களே, அந்த நிபந்தனையும் அதே மொழியில் அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில் இருக்கிறது. போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட விளம்பரத்தில் தலைப்பு தமிழில் இருந்தது, நட்சத்திரத்துக்கு உரிய வரி பொடி ஆங்கிலத்தில் இருந்தது. எடுத்துப் பாருங்கள்.

புகார் செய்ய 1915 என்ற உதவி எண் இருக்கிறது, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. எனக்கு இதெல்லாம் தெரியும், ஆனாலும் நான் போகவில்லை. கடையைப் பூட்டிவிட்டு எத்தனை நாள் அலைவது? பால் வெட்டுகிறவரும் கடலுக்குப் போகிறவரும் போவார்களா?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எந்தக் கம்பெனியின் புது போனைப் பற்றிச் செய்தி போட்டாலும் அந்தச் செய்திக்கு அடியில் சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். எந்த வருடம் எந்த மாதம் வரை அப்டேட் உண்டு, கன்னியாகுமரி மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே, டிஸ்பிளே என்ன விலை, பேட்டரி என்ன விலை, பாகம் வர எத்தனை நாள். உங்கள் நிருபர் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். பதில் சொல்லாத கம்பெனிக்கு ‘பதில் தரவில்லை’ என்றே அச்சடியுங்கள். பக்கத்து வரியில் போட்டிக் கம்பெனி பதில் சொல்லியிருந்தால், அடுத்த முறை இவர்களும் சொல்வார்கள். அவர்களுக்குள் இருக்கும் போட்டியை நாம் இதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாமே. முதல் பக்க விளம்பரத்தில் ‘விளம்பரம்’ என்ற சொல்லையும் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் போடுங்கள்.

அந்தக் கட்டம் வருகிற அன்றைக்கே வெட்டியெடுத்து, ஏ3 தாளில் பெரிதாக்கி என் கடை வாசலில் ஒட்டுகிறேன். காப்பி கேட்கிறவர்களுக்குப் பைசா வாங்காமல் எடுத்துத் தருகிறேன். ஓணத்துக்கு ஆபர் போடுவார்கள், அப்போது புது போன் எடுக்க வேண்டும் என்று குலசேகரத்துத் தம்பி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.